மொக்காசின்: ஒரு காலணி, இரு பொருள்

ஆங்கில மொக்காசினும் ஸ்பானிய மொக்காசினும் போலி இணைச்சொற்கள், அதாவது உருவம் ஒத்துப் பொருள் ஒவ்வாதவை என்றும், இரவல் வாங்கிய ஸ்பானியமே பொருளைப் பிறழ விட்டது என்றும் அகராதித் துறையினர் சிலர் நெடுங்காலமாகச் சொல்லிவருவதை அவையோர் அறிவர். அக்கூற்று காலணியைப் பாராமல் சொல்லை மட்டும் பார்த்ததன் விளைவு என்பதே இவ்வுரையின் துணிபு.

வட அமெரிக்காவின் அல்கோன்கிய மொழிகளிலிருந்து ஆங்கிலம் பெற்ற இச்சொல், ஜான் ஸ்மித் 1612இல் வெளியிட்ட வர்ஜீனியச் சொற்பட்டியலிலேயே காலணி என்னும் பொருளுடன் காணப்படுகிறது. ஆங்கிலத்தில் அது இன்றும் முதன்மையாகத் தொல்குடியினரின் மென்தோல் காலணியையும் அதையொத்த வீட்டுச் செருப்பையும் குறிக்க, ஆங்கிலவழி அதைப் பெற்ற ஸ்பானியத்திலோ தொல்குடிக் காலணியோடு, நாடா இல்லாத தோல் ஷூவையும் குறிக்கிறது. மாட்ரிட் கடைக்காரர் மொக்காசின் என்று எடுத்து வைப்பதை ஆங்கிலேயர் லோஃபர் என்பர்.

நார்வேயின் அவுர்லாந்து ஊர்க் காலணியைச் சற்று நெருங்கிப் பார்த்தால் வழக்கு தெளிவாகும். இளமையில் அமெரிக்கா சென்று செருப்புத்தொழில் கற்றுத் திரும்பிய நில்ஸ் த்வெராங்கர் 1930ஐ ஒட்டி உருவாக்கிய அந்த ஷூ, முதலில் 'அவுர்லாந்து மொக்காசின்' என்றே பெயர் பெற்றது. பொதுவான ஷூவில் மேல்தோல் மேலிருந்து இறங்கி அடித்தோலோடு சேர, மொக்காசின் அமைப்பில் பாதத்தின் அடியிலுள்ள தோலே, தொன்னைக்கு இலையை மடித்து எழுப்புவதுபோல், இருபுறமும் மேலெழுந்து, புறங்காலின்மீது கிடக்கும் நாக்கு வடிவத் துண்டைச் சந்திக்கிறது. பெரிய விளிம்பைச் சிறிய விளிம்போடு பொருத்த வேண்டியிருப்பதால் விரல்நுனியைச் சுற்றித் தோல் சிறுசிறு கொசுவங்களாகச் சுருங்கித் தையலுக்குள் அடங்குகிறது. அவுர்லாந்து ஷூவில் கண்ணுக்கு முதலில் படுவது இந்தத் தையல்தான். அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தைச் சேர்ந்த பாஸ் நிறுவனம் 1936இல் அவ்வடிவத்தைத் தழுவி, நார்வேயை நினைவூட்டும் 'வீஜன்ஸ்' என்ற பெயரில் விற்றது. அவ்வகை ஷூவுக்கு லோஃபர் என்பது ஆங்கிலத்தில் பொதுப்பெயராக நிலைத்தது. ஆக, பெயரை மாற்றியது ஆங்கிலமே. கொசுவத் தையலோடு பெயரையும் வைத்துக்கொண்டது ஸ்பானியம். முன்னது அணிந்தவரை வைத்தும் பின்னது தைத்த முறையை வைத்தும் பொருள் கொண்டிருக்க, பின்னதை மட்டும் பிழை என்பது எவ்வாறு பொருந்தும்?

தடை ஒன்று உண்டு. 1935இல் பால் ஸ்பெரி வடிவமைத்த படகு ஷூவிலும் அதே தையல் இருந்தும், நாடா உடைமையால் ஸ்பானியர் அதை நாவுத்திக்கோ என்றே அழைக்கின்றனர். எனவே நாடாவின்மையும் இரண்டாம் இலக்கணமாகக் கொள்ளத்தக்கது.

காலணிக்கு அப்பாலும், தென்கிழக்கு அமெரிக்க நீர்நிலைகளில் வாழும் நச்சுப்பாம்பு ஒன்றுக்கும் ஓர் ஆர்க்கிட் மலருக்கும் ஆங்கிலத்தில் மொக்காசின் என்னும் பெயர் உண்டு. அப்பாம்பின் மெக்சிகோ உறவினமோ காந்தில் எனப்படுகிறது. இப்பெயர்ப் பரவலையும், கார் ஓட்டுவோர் அணியும் ஷூவின் பெயர்வழியே ஆங்கிலம் மொக்காசின் என்னும் சொல்லுக்கே திரும்பியதையும், லத்தீன் அமெரிக்கக் கடைவழக்குகளையும் நாடுவாரியாகத் தொகுத்து ஆராய இளம் ஆய்வாளர் முன்வருதல் நலம்.