பறுவத்தில் விழும் நிழல்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவியர் ஒன்றுகூடலில், இளைப்பாறிய விஞ்ஞான ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



“ரீச்சர், நீங்கள் விஞ்ஞானமே பேசுங்கள்” என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். சந்திர கிரகணத்தைத் தெரிந்தெடுத்தேன். அதில் எனக்கொரு பழைய கடன் இருக்கிறது.

இந்த மண்டபத்தில் நாங்கள் செய்துபார்த்த பாடம் பலருக்கு நினைவிருக்கும். ஒருத்தி கையில் உரித்த தேங்காய், அது பூமி. இன்னொருத்தி கையில் தேசிக்காய், அது சந்திரன். தேசிக்காய்க்காரியை நான் பன்னிரண்டு அடி தள்ளிப் போகச் சொல்வேன். “இவ்வளவு தூரமா, ரீச்சர்?” என்பீர்கள். அவ்வளவு தூரந்தான். சந்திரன் சராசரியாக 3,84,400 கி.மீ. தொலைவில் இருக்கிறது, பூமியின் விட்டத்தைப்போல் முப்பது மடங்கு. இதே கணக்கில் சூரியனை வைக்க மண்டபம் போதாது. வாவியைத் தாண்டி ஒரு கிலோமீற்றருக்கும் மேலே போகவேண்டும்.

சூரிய ஒளி தேங்காயில் பட, அதன் பின்னால் நீண்ட நிழல் விழுகிறது. பன்னிரண்டு அடிக்கு அப்பால் அந்த நிழலின் அகலம் இரண்டரைத் தேசிக்காய் அளவுதான். அந்த நிழலுக்குள் தேசிக்காய் நுழைந்து வெளியேறுவதே சந்திர கிரகணம். சூரியன், பூமி, சந்திரன் மூன்றும் ஒரே வரிசையில், பூமி நடுவில் நிற்கவேண்டும். ஆகவே அது பறுவ நாளில் மட்டுமே நிகழும்.

அப்படியானால் ஒவ்வொரு போயாவிலும் ஏன் கிரகணம் இல்லை? சந்திரன் சுற்றும் பாதை ஏறத்தாழ ஐந்து பாகை சரிந்திருக்கிறது. நம் மண்டபக் கணக்கில், தேசிக்காய் நிழலுக்கு ஓரடி மேலாகவோ கீழாகவோ தப்பிப்போக அந்தச் சரிவு போதும். சந்திரனின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் இடங்கள் இரண்டு. அவற்றில் ஒன்றுக்கு அருகே பறுவம் வந்தால்தான் கிரகணம். அந்த இரண்டு இடங்களுக்கும் நம் பஞ்சாங்கக் கணிதர் வைத்த பெயர்கள் உங்களுக்குத் தெரியும்: இராகு, கேது.

499ஆம் ஆண்டிலேயே ஆரியபட்டர், சந்திரனை மறைப்பது பூமியின் நிழல் என்று எழுதிவைத்தார். 1825 மே 31ஆம் திகதி இரவுக் கிரகணத்தை, புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் சோகிகளைத் தரையில் பரப்பி, ஓரெழுத்தும் எழுதாமல், மனப்பாடமாக இருந்த வாய்பாடுகளைக் கொண்டே கணித்துக் காட்டினார். தொடக்க நேரத்தில் அவர் கணக்குக்கும் உண்மைக்கும் இருந்த வித்தியாசம் வெறும் 4 நிமிடம். பாம்பு விழுங்குகிறது என்ற கதையும் இந்தக் கணக்கும் நம்மிடம் ஒன்றாகவே இருந்தன. கதையை மட்டும் பெண்களிடம் விட்டுவிட்டார்கள்.

இனி என் கடன். 2018 யூலை 27ஆம் திகதி நள்ளிரவை அண்டி ஒரு கிரகணம் தொடங்கியது. இந்த நூற்றாண்டிலேயே மிக நீண்ட முழுச் சந்திர கிரகணம் அது. முழு மறைப்பு மட்டும் 103 நிமிடம். படுவான்கரையில் எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளைத்தாய்ச்சி, கன்று கத்துகிறதென்று அந்த நேரத்தில் முற்றத்தில் இறங்கினாள். அடுத்த மாதம் பிறந்த பெண்பிள்ளைக்கு மேலுதடு பிளந்திருந்தது. பிள்ளை பார்க்க வந்தவர்கள் எல்லாரும் தாயைத்தான் பார்த்தார்கள். “சொன்னால் கேட்டியா?” என்றார் ஒரு பெரியவர். நானும் அங்கே இருந்தேன். முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவள், சபை நாகரிகம் கருதி வாய் திறக்கவில்லை.

அன்று நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான். கருவில் மேலுதடு பொருந்துவது முதல் இரண்டு மாதத்துக்குள். எட்டாம் மாதத்தில் தாய் எங்கே நின்றாலும், எதை வெட்டினாலும், பொருந்திய உதடு பிரியாது. பரம்பரை உட்படப் பல காரணங்கள் சேர்ந்து அது நேரலாம். பல பிள்ளைகளில் தனியொரு காரணம் அகப்படுவதே இல்லை. நிழலுக்கு அதில் பங்கில்லை. சத்திரசிகிச்சையால் சீர்செய்யலாம். இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். நான் அவளிடம் போய்ச் சொல்ல மூன்று கிழமை எடுத்தது. அந்த மூன்று கிழமையும் அவள் தன்னையே குற்றவாளியாக்கி அழுதிருக்கிறாள்.

2025 செப்ரெம்பர் 7ஆம் திகதி இரவு, தாயும் மகளும் என்னோடு வாவிக்கரையில் நின்றார்கள். பதினொரு மணியளவில் சந்திரன் முழுதாக நிழலுக்குள் போய்ச் செம்பு நிறமானது. பூமியைச் சூழ்ந்த காற்று சூரிய ஒளியை வளைத்து நிழலுக்குள் அனுப்புகிறது. நீலம் வழியில் சிதறிவிட, சிவப்பே போய்ச் சேர்கிறது. தையல் தழும்பு மெல்லிய கோடாகிவிட்ட அந்த ஏழு வயதுக்காரி கேட்டாள்:

“ரீச்சர், அது ஆர்ட நிழல்?”

“எங்கட நிழல்தான், மகள். நாம நிக்கிற இந்தப் பூமியிட நிழல்.”

அவள் கையை உயர்த்தி ஆட்டிப் பார்த்தாள், நிழலும் ஆடுகிறதா என்று. தாய் சிரித்தாள்.

உலகெங்கும் பரந்திருக்கும் என் பிள்ளைகளே, அடுத்த கிரகணத்தில் எந்த நாட்டில் இருந்தாலும் வெளியே வந்து பாருங்கள். வெறுங்கண்ணால் பார்க்கலாம், ஆபத்தில்லை. வீட்டில் விரதமிருப்பவர்கள் இருக்கட்டும், முழுகுபவர்கள் முழுகட்டும். ஆனால் ஒரு தாயின் மேல் பழி விழும் இடத்தில் நீங்கள் இருந்தால், என்னைப்போல் மூன்று கிழமை காத்திருக்க வேண்டாம். இந்தக் கல்லூரி உங்களுக்குத் தந்ததை அங்கேயே, அப்போதே சொல்லிவிடுங்கள்.