ரசாயனக் கணக்கும் உர மூட்டையும்
(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கான சொற்பொழிவு)



கூட்டுறவுச் சங்கத்தின் உயிர் அதன் கணக்கில் இருக்கிறது. வரவு ஒரு புறமும், செலவும் இருப்பும் மறுபுறமும் எழுதப்பட்டு இரண்டும் ஒத்துவந்தால்தான் அக்கணக்கு ஒப்புக்கொள்ளப்படும். ஒரு ரூபாய் குறைந்தாலும் அது எங்கே போயிற்று என்பதற்குக் காரியதரிசி விடை கூறியாக வேண்டும். இதைப் போன்ற கண்டிப்பான கணக்கு ஒன்று இயற்கையிலும் உண்டு. சுண்ணாம்புச் சூளையிலும், உரத் தொழிற்சாலையிலும், வயலின் சேற்றிலும் அது இடையறாது நடைபெறுகிறது. அதைப் படிக்கத் தெரிந்த விவசாயி தம் பணத்தைக் காற்றில் விடமாட்டார்.

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி செல்லும் சாலையிலுள்ள கோலியனூரைச் சுற்றி நெல்லும், கரும்பும், மணிலாக்கொட்டையும் விளைகின்றன. இங்குள்ள குடியானவர்கள் பணம் கொடுத்தோ கடன்பட்டோ வாங்கும் பொருள்களில் உரம் முக்கியமானது. ஆதலின் உரத்தின் கணக்கை அறிவது அவர்களுக்கு மிகவும் அவசியமாகும்.

முதலில், ரசாயன மாறுதல் என்பது யாது? மரக்காணத்து உப்பளத்தில் கடல்நீர் வற்றி உப்பு படிகிறது. அவ்வுப்பைத் தண்ணீரில் இட்டால் மீண்டும் கரைகிறது. இதில் புதிய பொருள் எதுவும் உண்டாகவில்லை. இது ரசாயன மாறுதல் அன்று. ஆனால் கிளிஞ்சலைச் சூளையில் இட்டுச் சுட்டால், வெளிவருவது கிளிஞ்சல் அன்று. அது நீர் பட்டவுடன் கொதித்துப் பொடியாகும் வேறொரு பொருள். இதுவே ரசாயன மாறுதல்.

சூளையில் வைத்த கிளிஞ்சலின் எடையைவிட வெளிவரும் சுண்ணாம்பின் எடை மிகவும் குறைவு. மீதியை நெருப்பு தின்றுவிட்டது என்று சொல்லுவோர் உண்டு. நெருப்பு எதையும் தின்பதில்லை. சுத்தமான கிளிஞ்சற் பொருள் 100 கிலோவைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு நிற்கும். 44 கிலோ கரியமில வாயுவாகி வெளியேறும். இரண்டையும் கூட்டினால் 100 கிலோ. அந்த 56 கிலோ சுண்ணாம்பு 18 கிலோ நீரைத் தன்னுள் ஏற்று நீறினால் 74 கிலோ ஆகிறது. சுவரில் பூசிய பின் அது காற்றிலுள்ள கரியமில வாயுவில் 44 கிலோவைச் சிறிது சிறிதாக உட்கொண்டு, 18 கிலோ நீரை வெளிவிட்டு, மீண்டும் 100 கிலோ எடையுள்ள பழைய பொருளாகவே இறுகுகிறது. கணக்கு நேராயிற்று.

மாறுதலுக்கு முன் இருந்த மொத்த எடையே மாறுதலுக்குப் பின்னும் இருக்கும் என்பதைப் பிரான்ஸ் தேசத்து அறிஞர் லவாசியே தராசின் துணையால் நிலைநாட்டி, 1789-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் எழுதினார். அவர் அரசாங்க வரியைக் குத்தகைக்கு எடுத்து வசூலித்த கூட்டத்திலும் பங்காளியாக இருந்தவர். வரவு செலவில் இருந்த கண்டிப்பை அவர் ரசாயனத்திலும் கடைப்பிடித்தார்.

இக்கணக்கை எழுதும் முறைக்குச் சமன்பாடு என்று பெயர். காற்றிலுள்ள நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் சேர்த்து அமோனியா செய்யும் முறையை உதாரணமாகக் கொள்ளலாம். ஜெர்மனி தேசத்து ஹேபர் 1909-இல் ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டிய இதனை, 1913-இல் பாஷ் பெரிய தொழிற்சாலையில் நடத்திக் காட்டினார். நைட்ரஜன் மூலக்கூறு ஒன்றில் 2 அணுக்கள் உண்டு. ஹைட்ரஜன் மூலக்கூறிலும் 2 அணுக்களே. அமோனியா மூலக்கூறிலோ நைட்ரஜன் 1, ஹைட்ரஜன் 3. ஒன்றும் ஒன்றும் சேர்ந்து ஓர் அமோனியா ஆயிற்று என்று எழுதினால் ஒரு நைட்ரஜன் அணு காணாமற்போகும். ஒரு ஹைட்ரஜன் அணு எங்கிருந்தோ வந்து சேரும். இது பொய்க் கணக்கு.

இதைத் திருத்துவதற்கு மூலக்கூறின் உள்ளமைப்பை மாற்றலாகாது. மாற்றினால் அது வேறு பொருளாகிவிடும். மூலக்கூறுகளின் எண்ணிக்கையை மட்டுமே மாற்றலாம். அமோனியாவை 2 என வைத்தால் நைட்ரஜன் சரியாகிறது. அந்த இரண்டிற்கும் ஹைட்ரஜன் அணு 6 வேண்டும். அதற்கு ஹைட்ரஜன் மூலக்கூறு 3 வேண்டும். ஆகவே,

நைட்ரஜன் 1 + ஹைட்ரஜன் 3 = அமோனியா 2.

எடையில் இது 28 + 6 = 34.

இந்த அமோனியாவைக் கரியமில வாயுவுடன் மிகுந்த அழுத்தத்திலும் வெப்பத்திலும் சேர்த்தால் யூரியா கிடைக்கிறது. பழைய தென்னாற்காடு ஜில்லாவைச் சேர்ந்த நெய்வேலியிலும் ஒரு காலத்தில் யூரியாத் தொழிற்சாலை நடைபெற்றது. அதன் சமன்பாடு:

அமோனியா 2 + கரியமில வாயு 1 = யூரியா 1 + நீர் 1.

எடையில் இது 34 + 44 = 60 + 18. இருபுறமும் 78. யூரியா 60 பங்கில் நைட்ரஜன் 28 பங்கு; அதாவது நூற்றுக்கு 46 பங்குக்குச் சற்று அதிகம். மூட்டையின் மேல் அச்சிட்டுள்ள 46 என்னும் எண்ணின் பொருள் இதுவே. 45 கிலோ மூட்டை ஒன்றில் பயிருக்குரிய நைட்ரஜன் ஏறத்தாழ 20.7 கிலோ. விவசாயி விலை கொடுப்பது இந்த 20.7 கிலோவுக்கே.

இனி நஷ்டத்தைக் கவனிக்க வேண்டும். ஈரமண்ணில் விழுந்த யூரியாவில் தொழிற்சாலைக் கணக்கு தலைகீழாக நடக்கிறது. மண்ணிலுள்ள நுண்ணுயிர்களிலிருந்து உண்டாகும் ஒருவகை நொதிப்பொருளின் உதவியால் யூரியா 60 பங்கு, நீர் 18 பங்கைக் கொண்டு, மீண்டும் அமோனியா 34 பங்காகவும் கரியமில வாயு 44 பங்காகவும் பிரிகிறது. இது மண்ணுக்குள் நடந்தால் அமோனியாவின் பெரும்பகுதியை மண் பிடித்துக்கொள்ளும், பயிர் உண்ணும். மண்ணின் மேலேயே நடந்தால், முக்கியமாகக் களர் நிலத்தில், அதில் ஒரு பகுதி வாயுவாகப் பறந்துவிடும். மூட்டையின் விலை சங்கத்தின் ஏட்டில் கடனாக நிற்க, மூட்டையில் இருந்த பொருள் மட்டும் ஊரைவிட்டுப் போய்விடும்.

அமோனியம் சல்பேட்டைச் சுண்ணாம்புடன் கலப்பதால் விளையும் கேடு இதனினும் பெரிது. அமோனியம் சல்பேட் 132 பங்கும் நீறிய சுண்ணாம்பு 74 பங்கும் சேர்ந்தால், ஜிப்சத்தின் மூலப்பொருள் 136 பங்கு, நீர் 36 பங்கு, அமோனியா 34 பங்கு உண்டாகின்றன. இருபுறமும் 206. கணக்கு சரியே; ஆனால் நைட்ரஜன் முழுவதும் வாயுவின் பக்கம் சேர்ந்துவிட்டது. கலக்கும்போது மூக்கைத் துளைக்கும் நெடியே விவசாயியின் பணம் வெளியேறுவதற்கு அடையாளம். விறகுச் சாம்பலும் இவ்விதக் கேட்டையே செய்யும்.

ஆகையால் அங்கத்தினர்கள் மூன்று காரியங்களைக் கடைப்பிடிப்பது நன்று. முதலாவது, அமோனியம் சல்பேட்டுடன் சுண்ணாம்பையோ சாம்பலையோ கலக்கலாகாது. இரண்டாவது, யூரியாவை மண்ணின் மேல் கிடக்கவிடாமல் மண்ணோடு கலந்துவிட வேண்டும். புன்செய்ப் பயிருக்கு இட்டவுடன் நீர் பாய்ச்ச வேண்டும். மூன்றாவது, மொத்தத்தையும் ஒரே தடவையில் இடாமல் பகுத்து இட வேண்டும். நெல்லுக்கு யூரியா 5 பங்கு, ஜிப்சம் 4 பங்கு, வேப்பம்பிண்ணாக்கு 1 பங்கு சேர்த்து ஓர் இரவு வைத்திருந்து இடுவது வேளாண் துறையினர் சொல்லும் முறை.

இயற்கை தன் கணக்கில் ஒருபோதும் தவறுவதில்லை. வயலில் இட்ட நைட்ரஜன் நெல்மணியில் வரவாகுமா, காற்றில் செலவாகுமா என்பது மட்டுமே மனிதர் கையில் உள்ளது. அடுத்த முறை சங்கத்தில் மூட்டை வாங்கும் அங்கத்தினர் அதன் மேலுள்ள எண்ணைப் படித்து, அத்தனை கிலோவையும் பயிருக்கே கொண்டுசேர்ப்பாராக.