ஒளியால் விழிக்கும் மருந்து

வெண்படை கண்ட தோலில் கார்போகரிசியைப் பூசி வெயிலில் காட்டுவது இந்நாட்டு மருத்துவத்தின் பழைய வழக்கம். அவ்விதையிலுள்ள சோராலன் என்னும் பொருள், புற ஊதாக் கதிர் பட்ட பின்னரே தோலில் வினைபுரிகிறது என்பதைப் பிற்கால அறிவியல் தெளிவாக்கிற்று. உறங்கும் மருந்தை ஒளி எழுப்புகிறது என்னும் இக்கருத்தே இன்று புற்றுநோய் ஆய்விலும் தொற்றுநோய் ஆய்விலும் இடம் பெற்றுள்ளது.

1900ஆம் ஆண்டில் மியூனிக் நகரில் ஆஸ்கர் ராப் என்பவர், அக்ரிடின் சாயமும் ஒளியும் சேர்ந்தால் பரமேசியம் என்னும் நுண்ணுயிர் மடிவதை எடுத்துக் காட்டினார். 1903இல் அவருடைய ஆசிரியர் தாப்பைனர், இயோசின் சாயத்தை இவ்வாறு தோல் புற்றுக்குப் பயன்படுத்தினார். 1993இல் கனடா நாடு ஃபோட்டோஃபிரின் என்னும் மருந்துக்கு முதன்முதலாக அனுமதி அளித்தது.

செயற்படும் முறை

சாயம் ஒளியை ஏற்று, அந்த ஆற்றலை அருகிலுள்ள ஆக்சிஜனுக்கு அளிக்கிறது. கிளர்வுற்ற ஆக்சிஜன், பிறந்த இடத்திலேயே உயிரணுவைச் சிதைத்து உடனே அடங்கிவிடுகிறது. ஆகவே ஒளி விழாத பகுதிக்குத் தீங்கு குறைவு. பாக்டீரியாவின் பல உறுப்புகளை இது ஒருங்கே தாக்குவதால், எதிர்ப்பாற்றல் பெற்ற கிருமிகளையும் அழிக்க வல்லது. திருவனந்தபுரத்திலுள்ள தேசிய பல்துறை அறிவியல், தொழில்நுட்ப நிறுவனத்தில் இத்தகைய சாயங்கள் ஆராயப்பட்டுள்ளன.

கட்டிகள் பலவற்றில் ஆக்சிஜன் குறைவு. இதனை ஈடுசெய்ய, ஒளி பட்டால் அறுபடும் வேதிப் பிணைப்பினால் மருந்தைக் கட்டிவைத்து, நோயுற்ற இடத்தில் மட்டும் விடுவிக்கும் முறை ஆராயப்படுகிறது. கரக்பூர் இந்திய தொழில்நுட்பக் கழக வேதியியலார் இத்துறையில் ஈடுபட்டுள்ளனர்.

மலையோர மக்களும் புதிய மருந்தும்

ஃபோட்டோஃபிரின் பெற்றவர் குறைந்தது 30 நாள் வெயிலைத் தவிர்க்க வேண்டும். தேவிகுளம் வட்டாரத்தில் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கும், கம்பம், போடி ஊர்களிலிருந்து ஜீப்பில் இடுக்கியின் ஏலத் தோட்டங்களுக்குச் செல்லும் கூலியாளுக்கும் இது ஒரு மாத ஊதியத்தை இழப்பதாகும். மருந்து உடலைவிட்டு விரைவில் நீங்குவது அவர்களுக்குப் பிழைப்பைப் பற்றிய வினா. அமினோலெவுலினிக் அமிலம் என்னும் பொருளுக்கு ஓரிரு நாள் ஒதுங்கியிருத்தல் போதும்.

இவ்வமிலத்தையும் மின்கலத்தால் இயங்கும் எளிய விளக்கையும் கொண்டு, அலிகாரில் தொடக்கநிலை வாய்ப்புற்றுடைய 30 பேரிடம் சோதனை நடைபெற்றது; பெரும்பாலோரிடம் கட்டி முற்றிலும் மறைந்தது. மின்தடை மிகுந்த இடத்திலும் மருத்துவம் எட்டக்கூடும் என்பதற்கு இது சான்று. அட்டப்பாடியிலிருந்து மண்ணார்க்காட்டுக்கு மலைப்பாதையில் இறங்க வேண்டிய நோயாளிக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும்.

எனினும் ஓர் எல்லை உண்டு. சிவப்பொளியும் திசுவினுள் சில மில்லிமீட்டர் ஆழமே சென்று பயன் தரும். முற்றிய கட்டிக்கு அறுவையும் கதிர்மருத்துவமுமே வழி. எனவே புதிய மருந்தின் பயன், நோயை முன்னரே காண்பதைப் பொறுத்தது. 1996 முதல் 2004 வரை திருவனந்தபுரம் மாவட்டத்தில், பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீடுதோறும் சென்று வாயைக் கண்ணால் பரிசோதித்தனர். புகையிலை அல்லது மதுப் பழக்கமுடையோரிடையே வாய்ப்புற்று இறப்பு ஏறத்தாழ 34 விழுக்காடு குறைந்தது. வெற்றிலையோடு புகையிலை மெல்லும் வழக்கமுள்ள தோட்டக் குடியிருப்புகளிலும் அத்தகைய பரிசோதனை நிலைபெறுமானால், ஆய்வுக்கூடத்து ஒளி மலைக்கு வந்து சேரும்போது அதனால் பயன்பெறக் கூடிய நிலையில் நோயாளி இருப்பார்.