கையெழுத்து காட்டிய உண்மை



அமெரிக்காவின் தெற்கே அலபாமா என்று ஒரு மாநிலம். பருத்தி விளையும் ஊர். அங்கே பிறந்தவர் ஹார்ப்பர் லீ என்ற பெண் எழுத்தாளர். 1960-இல் அவர் எழுதிய நாவல் வெளிவந்தது. பெயர் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்'. கதை நடப்பது 1930-களில். அதில் வரும் சிலரைப் பார்ப்போம்.

அங்கே கறுப்பின மக்கள் ஒரு காலத்தில் அடிமைகள். 1865-இல் அடிமை முறை ஒழிந்தது. ஆனால் ஒதுக்கி வைப்பது ஒழியவில்லை. அவர்களுக்குத் தனி மாதாகோயில். நீதிமன்றத்திலும் தனி இடம்.

ஸ்கவுட் ஒரு வெள்ளைக்காரச் சிறுமி. அண்ணன் பெயர் ஜெம். தாய் இல்லை. தந்தை அட்டிகஸ் ஒரு வக்கீல். வீட்டில் சமைப்பவர் கல்பூர்னியா என்ற கறுப்பினப் பெண். பள்ளிக்கூடமே போகாதவர். ஒரு மூதாட்டியிடம் படிக்கக் கற்றார். தன் மகன் சீபோவுக்குக் கற்றுக் கொடுத்தார். ஸ்கவுட்டுக்கு எழுதப் பழக்கியதும் அவர்தான்.

சீபோவுக்குக் குப்பை வண்டி ஓட்டும் வேலை. அவர்கள் மாதாகோயிலில் நாலைந்து பேருக்குத்தான் படிக்கத் தெரியும். சீபோ பாட்டுப் புத்தகத்தை வரி வரியாகப் படிப்பார். எல்லோரும் அதைக் கேட்டுப் பாடுவார்கள்.

டாம் ராபின்சன் கூலி வேலை செய்யும் கறுப்பினத்தவர். ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைப் பலாத்காரம் செய்தார் என்று அவர்மேல் பொய் வழக்கு. அவருக்காக அட்டிகஸ் வாதாடினார்.

அந்தப் பெண்ணுக்கு அடிபட்டது முகத்தின் வலப்பக்கம். எதிரே நின்று இடது கையால் அடித்தால்தான் பெரும்பாலும் அப்படிப் படும். பெண்ணின் தந்தை பாப் யூவெலைக் கையெழுத்துப் போடச் சொன்னார் அட்டிகஸ். அவர் இடது கையால் போட்டார். டாமின் இடது கையோ, சிறு வயதில் பருத்தி அரவை இயந்திரத்தில் சிக்கி ஊனமானது. அடித்தது யார் என்பது விளங்கிவிட்டது.

ஆனால் தீர்ப்புச் சொல்ல வேண்டிய 12 பேரும் வெள்ளைக்காரர்கள். 12 பேரும் ஒரே முடிவு சொல்ல வேண்டும். ஒருவர் மட்டும் முதலில் டாமை விடுதலை செய்யச் சொன்னார். பல மணி நேரம் பேசினார்கள். கடைசியில் அவரும் இணங்கிவிட்டார். டாம் குற்றவாளி என்றார்கள். சிறுவன் ஜெம் அழுதான்.

நம்பிக்கை இழந்த டாம் சிறையிலிருந்து தப்பி ஓடினார். காவலர்கள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

கல்பூர்னியா கற்ற எழுத்து பலருக்குப் பாட்டானது. யூவெல் போட்ட கையெழுத்து அவர் பொய்யைக் காட்டியது. ஆனால் எழுத்து காட்டிய உண்மையை அந்த 12 பேரும் ஏற்கவில்லை.

அந்த ஒருவர் கடைசிவரை உறுதியாக நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவர் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்? கூடிப் பேசுங்கள்.