கடை என்றால் என்ன?

(அரியாங்குப்பத்தில் படிப்பு வட்டத் தோழர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



தம்பிங்க எனக்குக் கொடுத்த தலைப்பு 'தலித் விடுதலையும் மாற்றுப் பண்பாடும்'. அவ்வளவு பெரிய தலைப்புல எனக்குப் பேச வராது. நான் கடை வச்சிருக்கிறவ. எட்டடிக்குப் பத்தடி. உள்ளே நுழைஞ்சா இடது பக்கம் புத்தகம், வலது பக்கம் பொம்மை. அதனால கடையைப் பத்தியே பேசறேன். மாற்றுப் பண்பாடு அதுல இருந்தா நீங்களே எடுத்துக்குங்க.

நம்முடைய அரசியலமைப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவை மாணவர்கள் படித்திருப்பீர்கள். அதன் இரண்டாம் உட்பிரிவு, சாதி, மதம், பாலினம், பிறந்த இடம் இவற்றைக் காரணம் காட்டி எந்தக் குடிமகனையும் எந்தெந்த இடங்களுக்குள் விடாமல் தடுக்கக் கூடாது என்று ஒரு பட்டியல் போடுகிறது. அந்தப் பட்டியலில் முதலில் வருவது என்ன தெரியுமா? கோயில் இல்லை. பள்ளிக்கூடம் இல்லை. கடை. அப்புறம்தான் உணவு விடுதி, தங்கும் விடுதி எல்லாம். 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் இந்தப் பிரிவு விவாதத்துக்கு வந்தபோது, கடை என்றால் சலவைக்கடையும் சவரக்கடையும் அதில் அடங்குமா என்று கேட்டார்கள். அண்ணல் அம்பேத்கர் சொன்ன பதிலின் சாரம் இதுதான்: தன்னுடைய சேவையைத் தேடி வருகிற எவருக்கும் அதைக் கொடுக்கத் தயாராக ஒருவர் இருக்கிற இடம் எதுவோ அது கடை. சரக்கு, தராசு, கல்லாப்பெட்டி எதையும் அவர் பேசவில்லை. 'எவருக்கும்' என்பதுதான் அதில் கனமான சொல். எனக்குத் தெரிந்து கடைக்கு இதைவிட நல்ல விளக்கத்தை எந்த வணிகனும் சொன்னதில்லை.

அந்த விளக்கத்தை வச்சுப் பார்த்தா, எங்க ஆயா காலத்துல அவங்க போனது எதுவும் கடையே இல்லை. காசைப் பலகை மேல வச்சிட்டு ரெண்டடி தள்ளி நிக்கணும். கடைக்காரர் அதுமேல தண்ணி தெளிச்சு எடுப்பாரு. பொட்டலத்தை மேல இருந்து போடுவாரு, இவங்க முந்தானையில ஏந்திக்கணும். பூசணிக்காய் சொத்தையா, கத்திரிக்காய் முத்தலான்னு தொட்டுப் பார்த்து வாங்கினதே இல்லைன்னு ஆயா சொல்லும். வாழ்நாள் முழுக்க அடுத்தவன் பொறுக்கிக் கொடுத்ததைத்தான் காசு கொடுத்து வாங்கியிருக்கு. தீண்டாமை என்பது ஆளைத் தொடாமல் இருப்பது மட்டும் இல்லை. பொருளைத் தொடவிடாமல் வைத்ததும் அதுதான். தொட்டுப் பார்த்து, பிடிக்கலைன்னு திருப்பி வைக்கிற உரிமை இருக்கே, அதுதான் வாங்குகிறவனுடைய உரிமை. அது இல்லாதவன் வாடிக்கையாளன் கிடையாது.

இன்றைக்குத் தண்ணி தெளிக்கிறதில்லை, உண்மை. ஆனா கடலூர் சாலையில கடைக்கு இடம் கேட்டு நான் அலைஞ்சப்ப ஒரு கட்டடக்காரர் வாடகை, முன்பணம் எல்லாம் பேசி முடிச்சிட்டு, கடைசியா 'நீங்க எந்தப் பக்கம்மா?'ன்னு கேட்டாரு. சொன்னேன். மறுநாள் அவரு மச்சான் ஊர்லேருந்து வர்றாராம், இடம் அவருக்கு வேணுமாம். இப்படி மூணு மச்சானுங்க வந்தாங்க. அதுக்கப்புறம்தான் நம்ம தெருமுனையிலயே தகரம் போட்டுக் கடை வச்சோம். ஒருவிதத்துல அது நல்லதாப் போச்சு. சாலையில வச்சிருந்தா நம்ம பிள்ளைங்க உள்ளே வர ஒரு வருசம் யோசிச்சிருக்கும்.

கடையில ஒரே ஒரு விதி: எதை வேணும்னாலும் எடுத்துப் பாரு, திருப்பி வை. பெரிய புத்தகக் கடைங்கள்ல கண்ணாடி அலமாரி, பூட்டு. பொம்மைக் கடையில 'தொடாதீர்கள்'னு அட்டை தொங்கும். நம்ம கடையில அட்டையும் இல்லை, கண்ணாடியும் இல்லை. இதுக்குச் செலவு உண்டு. மணல்ல விளையாடிட்டு அப்படியே வந்து படப்புத்தகத்தைப் புரட்டுவாங்க. பம்பரத்தை இங்கேயே சுத்திப் பார்ப்பாங்க, ஆணி வளையும். ஒரு நோட்டுல 'அழுக்குக் கணக்கு'ன்னு தலைப்புப் போட்டு எழுதி வைக்கிறேன். கறைபட்ட புத்தகம் பாதி விலைக்குப் போகும், இல்லைன்னா பின்னாடி இருக்கிற பெஞ்சுக்குப் படிக்கப் போயிடும். வாடகைக்கு ஒரு பக்கம், கரண்டுக்கு ஒரு பக்கம் மாதிரி அழுக்குக்கும் ஒரு பக்கம். அவ்வளவுதான்.

அந்த பெஞ்சு யோசனை என்னுடையது இல்லை. நியூயார்க் ஹார்லெமில் லூயிஸ் மிஷோ என்று ஒருத்தர். 1930களின் தொடக்கத்தில் கொஞ்சம் புத்தகத்தோடு ஆரம்பித்த கறுப்பர் புத்தகக் கடை, 1974 வரைக்கும் நடந்தது. மால்கம் எக்ஸ் அந்தக் கடை வாசலில் நின்று பேசியிருக்கிறார். காசில்லாதவர்களை மிஷோ உள்ளேயே உட்கார்ந்து படிக்க விட்டார். கறுப்பர் படிக்க மாட்டார்கள், அவர்களுக்குப் புத்தகக் கடையா என்று சிரித்தவர்கள் இருந்த காலம். நமக்கும் அதே சிரிப்புக் கேட்டிருக்கு, இல்லையா? 'காலனியில புத்தகக் கடையா, ஒயின்ஷாப்பு வச்சா ஓடும்'னு.

அவ்வளவு தூரம் கூடப் போக வேண்டாம். அயோத்திதாசப் பண்டிதர் 1907 ஜூன் 19இல் சென்னை இராயப்பேட்டையில் பத்திரிகை தொடங்கினபோது அதன் பெயரிலேயே விலையைப் போட்டார்: 'ஒரு பைசாத் தமிழன்'. யார் கைக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்துவிட்டுத்தான் விலையை வைத்திருக்கிறார். 1914இல் அவர் இறந்த பிறகு அந்த எழுத்தைக் காப்பாற்றியதில் பெரும்பங்கு கோலார் தங்கவயலுக்கு. மூவாயிரம் மீட்டர் ஆழம் வரைக்கும் இறங்கி வேலை செய்த சுரங்கத் தொழிலாளிகள் வாழ்ந்த இடத்தில் சித்தார்த்த புத்தகசாலை என்று ஒன்று இருந்தது. பண்டிதரின் நூல்களைப் பதிப்பித்தது அதுதான். பல்கலைக்கழகங்கள் அவரைக் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்வது 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்த தொகுதிகள் பாளையங்கோட்டையிலிருந்து வந்த பிறகு. புத்தகசாலைக்கு அவர் தொலைந்தே போகவில்லை.

விலை என்று பேசும்போது ஒரு விசயம். 1936இல் 'சாதி ஒழிப்பு' உரையை லாகூர்க்காரர்கள் பேசவிடாமல் மாநாட்டையே ரத்து செய்ததும், அம்பேத்கர் தன் செலவில் 1500 பிரதி அச்சடித்தார். விலை எட்டணா. காந்தி ஹரிஜன் இதழில் மறுப்பு எழுதினார், அது எல்லாருக்கும் தெரியும். அதில் விலையைப் பற்றியும் ஒரு வரி உண்டு. எட்டணா அதிகம், இரண்டணா, போனால் நாலணா வைத்திருக்கலாம் என்று யோசனை சொன்னார். கடைக்காரி என்ற முறையில் காந்தியோடு நான் பாதி ஒத்துப்போகிற ஒரே இடம் இதுதான். மீதிப் பாதி ஒத்துப்போகாததற்குக் காரணம், அந்த எட்டணாப் புத்தகம் இரண்டே மாதத்தில் தீர்ந்துபோனது. 1937இல் இரண்டாம் பதிப்பு. குஜராத்தியிலும் தமிழிலும் ஏற்கெனவே மொழிபெயர்ப்பு வந்துவிட்டது என்று அதன் முன்னுரையில் எழுதுகிறார். தமிழில் கொண்டுவந்தது பெரியாரின் குடி அரசு. நம் சனம் காசு கொடுத்து வாங்காது, இலவசமாகத்தான் கொடுக்கணும் என்று நம் தோழர்களே சொல்கிறார்கள். டிசம்பர் 6ஆம் தேதி மும்பை தாதர் சைத்யபூமிக்குப் போய்ப் பாருங்கள். கட்டிட வேலைக்குப் போகிறவர்கள் மடியிலிருந்து காசெடுத்துப் புத்தகம் வாங்கிப் போகிறார்கள்.

இனி பொம்மைக்கு வர்றேன். ஏன்னா சண்டையே அதுலதான். 'புத்தகம் சரி, அரசியல் வேலை. பொம்மை விக்கிறது என்னாக்கா, குட்டி முதலாளித்துவம்தானே?'ன்னு ஒரு தோழர் கேட்டாரு. இதோ முன்வரிசையிலதான் உட்கார்ந்திருக்காரு.

தோழர், நவராத்திரி கொலுவை எட்ட நின்னாவது பார்த்திருப்பீங்க. படியில சாமிங்களுக்குக் கீழே ஒரு கடை இருக்கும். அரிசி, பருப்பு குவிச்சு வச்சிருக்கும், பின்னாடி தொப்பையோட செட்டியார் பொம்மை, பக்கத்துல செட்டிச்சி அம்மா பொம்மை. கடைன்னா அவங்கதான். அஞ்சு வயசுப் பிள்ளைக்கு யார் கல்லாவுல உட்காரணும், யார் எதிர்ல நிக்கணும்னு எந்த மனுவும் வந்து பாடம் எடுக்கலை. பொம்மை எடுத்துடுச்சு. மண்ணை மிதிச்சு அந்தப் பொம்மையைச் செஞ்ச வீடு வேற, படி கட்டிக் கொலு வச்ச வீடு வேற என்கிறதையும் சேர்த்துக்குங்க. போகிப் பண்டிகைக்கு அடிக்கிற சின்ன மேளம் இன்னொண்ணு. எல்லாத் தெருப் பிள்ளையும் அன்னிக்கு ஒரு நாள் தோல் மேளம் அடிக்குது, யாருக்கும் தீட்டு இல்லை. மறுநாள் அதே தோலை நாம தொட்டா தொழில், இழிவு.

அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பினத் தம்பதியர் 1940களில் ஓர் ஆய்வு செய்தார்கள். நிறத்தைத் தவிர வேறு வித்தியாசம் இல்லாத பொம்மைகளைக் கறுப்புக் குழந்தைகள் முன்னால் வைத்து எது நல்ல பொம்மை, எது கெட்ட பொம்மை என்று கேட்டார்கள். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையை நல்லது என்றன. உன்னைப் போல இருப்பது எது என்று கடைசியில் கேட்டபோது சில குழந்தைகள் அழுதன. பள்ளிகளில் நிறப்பாகுபாடு செல்லாது என்று 1954இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் சொன்ன தீர்ப்பின் அடிக்குறிப்பில் கிளார்க்கின் ஆய்வு இருக்கிறது. பொம்மை நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கு தோழர்.

அதோட முடியலை. 1965இல் லாஸ் ஏஞ்சலீஸ் வாட்ஸ் பகுதியில் கறுப்பர் கிளர்ச்சி நடந்தது. அதன் பிறகு அந்தப் பகுதியில் லூ ஸ்மித், ராபர்ட் ஹால் என்ற இரண்டு போராளிகள் தொடங்கிய அமைப்பு 1968இல் ஷிண்டானா என்று ஒரு பொம்மைத் தொழிற்சாலை வைத்தது. அதுவரைக்கும் கறுப்புப் பொம்மை என்றால் பெரும்பாலும் வெள்ளைக்காரக் குழந்தையின் அதே அச்சில் பழுப்புச் சாயம். இவர்கள் மூக்கு, உதடு, கொஞ்ச நாளில் சுருட்டை முடி என்று தங்கள் பிள்ளைகளைப் பார்த்து அச்சு செய்தார்கள். பேபி நான்சி என்று பெயர். அந்தப் பகுதி ஆட்களே அங்கே வேலை செய்தார்கள். மாட்டெல் என்ற பெரிய பொம்மைக் கம்பெனி முதலில் பணமும் பயிற்சியும் கொடுத்தது, அதையும் மறைக்க வேண்டியதில்லை. 1983இல் மூடிவிட்டார்கள். பதினைந்து வருசம். ஒரு தலைமுறைப் பெண்பிள்ளைகள் தங்கள் முகமுள்ள பொம்மையைத் தூக்கி வளர்ந்துவிட்டார்கள். 2020இல் அந்தப் பொம்மையை அமெரிக்காவின் தேசிய பொம்மை அருங்காட்சியக மரியாதைப் பட்டியலில் சேர்த்தார்கள்.

நம்ம கடைக்கு வர்ற தாய்மாரும், 'வெள்ளையா, கண்ணு மூடித் தொறக்கிறது இருக்கா?'ன்னுதான் கேட்கிறாங்க. கேட்கிறவங்களைத் திட்டி என்ன ஆகப் போவுது? மாசத்துக்கு ஒருதரம் வில்லியனூர்ல சுடுமண் பொம்மை செய்யற வீட்டுக்கும், திருக்கனூர்ல காகிதக்கூழ் பொம்மை செய்யற வீட்டுக்கும் போறேன். ரெண்டு ஊர்த் தொழிலுக்கும் புவிசார் குறியீடு இருக்கு. முருகன், பிள்ளையார், குதிரைன்னு பழகின கை. 'அண்ணே, கறுப்பா ஒரு பொண்ணு, கையில புத்தகம்'னு சொன்னப்ப சிரிச்சாங்க. அப்புறம் செஞ்சாங்க. முதல்ல பத்து, அடுத்த தடவை முப்பது. கல்லாவுல உட்கார்ந்த பொண்ணு ஒண்ணும் கேட்டிருக்கேன். செட்டியாருக்குத் தொப்பை இருக்கே, இதுக்கும் வைக்கட்டுமாம்மான்னு கேட்டாரு. வேணாம்னேன்.

கணக்கையும் சொல்லிடறேன், கடை வைக்கணும்னு நினைக்கிற பிள்ளைங்க இருக்காங்க. எனக்கு நூறு ரூபா புத்தகம் வித்தா முப்பது நிக்கும், சில பதிப்பகத்துல இருபத்தஞ்சு. கடன் கேட்கிறவங்க எல்லாம் தோழர்களா இருக்கிறதால அந்த முப்பதும் உடனே நிக்காது. கவிதைத் தொகுதி மூணு வருசம் அலமாரியில தூங்கும். பத்தாம் வகுப்பு கைடுதான் வாடகை கட்டுது. ஊர்த்தெருப் பிள்ளைங்களும் ராத்திரி ஒன்பது மணிக்கு அதுக்குத்தான் இங்கே வருது, பரீட்சைக்கு முன்னால தீட்டு ஏது? பொம்மை தினம் ஓடுது: பம்பரம், கோலி, காந்தம், பூதக்கண்ணாடி, ஓலைக் கிலுகிலுப்பை. சீனப் பொம்மைக்கு இறக்குமதி வரி 2020இல் 20 சதத்திலிருந்து 60 ஆகி, 2023இல் 70 ஆனது. 2021லிருந்து ஐஎஸ்ஐ முத்திரையும் கட்டாயம். கைவினைஞராகப் பதிவு செய்தவர்களுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் பதிவு அட்டை வாங்காத கிழவி முடைந்த கிலுகிலுப்பைக்கு என்ன கதி என்று யாரும் யோசிக்கவில்லை. நம்ம பிள்ளைங்க யாராவது உட்கார்ந்து அந்த விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தால் அதுவும் இயக்க வேலைதான்.

பிள்ளைங்க விளையாடறதை லேசா நினைக்கிற ஊரு இது இல்லை. 1937இல் ழுவோ துப்ரேய் என்ற பிரெஞ்சுப் பேராசிரியர் நம்ம அரிக்கமேட்டில் பழைய மணிகளைச் சேர்த்தார். அதில் பல, இங்கே இருந்த பிள்ளைகள் பொறுக்கி வைத்திருந்ததை அவர் காசு கொடுத்து வாங்கியது. அப்புறம் 1945இல் வீலர் வந்து தோண்டி, ரோமாபுரியோடு வணிகம் நடந்த துறைமுகம் என்று உலகத்துக்குச் சொன்னார். துப்ரேய் பெயரும் வீலர் பெயரும் புத்தகத்தில் இருக்கு. கோலி மாதிரி அந்த மணிகளைக் கையில வச்சிருந்த பிள்ளைங்க பேரு எந்தப் புத்தகத்திலும் இல்லை. பின்பெஞ்சுல படிக்கிற ஒரு பொண்ணு இதைக் கேட்டுட்டு, 'எவ்வளவு காசு குடுத்தாருக்கா?'ன்னு கேட்டா. என்னிடம் பதில் இல்லை. ஆனா கேள்வி சரியான கேள்வி.

நேரமாச்சு. ஆடி அஞ்சாம் வெள்ளி வீராம்பட்டினம் தேருக்குப் போற வழியில கடை போடறோம். பாதி மேசை புத்தகம், பாதி மேசை வில்லியனூர் பொம்மை. காலை ஆறு மணியிலிருந்து ராத்திரி வரைக்கும் நிக்க நாலு பேர் வேணும். ரெண்டு பேராவது பெண்களா இருக்கணும். பேரு கொடுக்கிறவங்க போகும்போது கொடுத்துட்டுப் போங்க. பழைய பாக்கி வச்சிருக்கிறவங்களும் அப்படியே கொஞ்சம் நில்லுங்க, நோட்டு கையோடதான் எடுத்துட்டு வந்திருக்கேன்.