மண்ணுக்குள் உழைக்கும் கூட்டம்



அண்மையில் மூவார் வட்டாரத்தில், பக்ரிக்குப் போகும் வழியிலுள்ள ஒரு தோட்டத்திற்குப் போயிருந்தேன். லயத்தின் பின்பக்கத்தில் ஓர் அம்மாள் கத்திரியும் வெண்டையும் போட்டிருந்தார். "ஐயா, கடையில் உரம் வாங்கி வாங்கிப் போடுகிறேன். முதல் மாதம் செடி பச்சைப் பசேல் என்று வருகிறது. பிறகு மஞ்சளாகி நின்றுவிடுகிறது. மண் செத்துப் போச்சா?" என்று கேட்டார்.

அவர் கேட்டது சரியான கேள்வி. மண்ணுக்கு உயிர் உண்டு. ஆகவே அது சாகவும் கூடும். இன்று அந்த உயிரைப் பற்றித்தான் உங்களோடு பேசப் போகிறேன்.

நல்ல மண்ணை ஒரு தேக்கரண்டி அளவு எடுத்துக் கொள்ளுங்கள். அதற்குள் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கின்றன. அவை நம் கண்ணுக்குத் தெரியா. ஆனால் நம் மூக்குக்குத் தெரியும். முதல் மழை விழுந்ததும் எழுகிறதே மண்வாசனை, அது பெரும்பாலும் மண்ணில் வாழும் ஒருவகைப் பாக்டீரியா உண்டாக்கும் பொருளின் வாசனைதான்.

இந்த உயிர்களின் வேலை என்ன? உதிர்ந்த இலை, செத்த வேர், சாணம் எல்லாவற்றையும் தின்று சிதைத்து, செடி உறிஞ்சக்கூடிய உணவாக மாற்றுகின்றன. சில பூஞ்சணங்கள் வேரோடு ஒட்டி வாழ்ந்து, வேர் எட்டாத இடத்திலிருந்தும் பாஸ்பரஸ் சத்தைக் கொண்டு வந்து கொடுக்கின்றன. பதிலுக்குச் செடி தன் வேர் வழியாகச் சர்க்கரைச் சத்தைக் கொடுக்கிறது. கொடுக்கல் வாங்கல் ஒழுங்காக நடக்கும் இடத்தில் பயிர் செழிக்கிறது.

இந்தப் பாடத்தை நம் தோட்டங்கள் நட்டப்பட்டுத்தான் கற்றுக்கொண்டன. ரப்பர் பயிரிடத் தொடங்கிய காலத்தில், மரத்தடியில் ஒரு புல்கூட இருக்கக் கூடாது என்பது பல துரைமார்களின் கட்டளை. நம் பாட்டிமார்கள் வெயிலில் குந்தியிருந்து களை சுரண்டினார்கள். தரை துடைத்துவிட்டது போல் இருந்தது. ஆனால் மழை வந்தபோது மேல்மண் கரைந்து ஆற்றோடு போயிற்று. மண்ணில் வாழ்ந்த உயிர்களும் அதோடு போயின.

பிறகு வந்தது மாற்றம். 1925 இல் தொடங்கப்பட்ட மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் மூடுபயிர்களை ஆராய்ந்து பரப்பியது. இந்தக் கழகம் 1998 இல் மலேசிய ரப்பர் வாரியத்தோடு இணைக்கப்பட்டது. மறுநடவுக் காட்டில் தரை தெரியாமல் படர்கிறதே கொடி, அதுதான் மூடுபயிர். பியூரேரியா, கலப்பகோனியம், சென்ட்ரோசீமா என்பவை அவற்றின் பெயர்கள். எல்லாம் நம் பயத்தங்காய்க்கு உறவுச் செடிகள். 1990களில் கேரளத்து ரப்பர் தோட்டங்களில் வழங்கிய முகுனாக் கொடியும் இங்கே வந்து சேர்ந்தது.

இவற்றின் சிறப்பு என்ன? நாம் சுவாசிக்கும் காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன். பயிருக்கு அது மிகவும் வேண்டிய சத்து. ஆனால் காற்றிலிருந்து நேராக எடுத்துக்கொள்ளப் பயிருக்கு முடியாது. அவரை இனச் செடிகளின் வேரில் ரைசோபியம் என்ற பாக்டீரியா குடியிருந்து, அந்த நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கிறது. 1888 இல் பேயரிங்க் என்ற டச்சு அறிஞர் அதை வேர் முடிச்சிலிருந்து பிரித்தெடுத்துக் காட்டினார். கொடி விதையோடு ஒரு தூளைக் குழைத்து விதைத்ததைப் பெரியவர்கள் சிலர் பார்த்திருப்பீர்கள். அந்தத் தூளில் இருந்தது இந்தப் பாக்டீரியாதான்.

இதனால் எவ்வளவு ஆதாயம்? செம்பனைக் காட்டில் அகமுத்து, பிராட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் செய்து 1985 இல் வெளியிட்ட ஆய்வின்படி, மூடுபயிர் ஆண்டுக்கு ஹெக்டருக்குச் சுமார் 150 கிலோ நைட்ரஜனைச் சேர்க்கிறது. யூரியா கணக்கில் பார்த்தால், ஓர் ஏக்கருக்கு 50 கிலோ மூட்டை இரண்டரைக்கு மேல்!

இனி, வீட்டுத் தோட்டத்துக்கு வருவோம். அந்த அம்மாளிடம் பேசியபோது ஒன்று தெரிந்தது. அவர் தினமும் சருகைக் கூட்டிப் பெருக்கிக் கொளுத்தி வந்தார். பாத்தி வெறும் தரையாக வெயிலில் காய்ந்தது. உரம் விழுந்தது; ஆனால் மண்ணில் வாழும் கூட்டத்திற்குச் சாப்பாடு விழவில்லை. மழை வந்ததும் உரமும் கரைந்து ஓடிவிட்டது. உரமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மண்ணில் மக்கிய பொருள் இருந்தால்தான் போட்ட உரம் தங்கும்.

அடி காட்டுக்கு, நடு மாட்டுக்கு, நுனி வீட்டுக்கு என்பது நம் முன்னோர் சொல். மண்ணில் விளைந்ததில் ஒரு பங்கு மண்ணுக்கே போக வேண்டும். ஆகவே சருகைக் கொளுத்தாதீர்கள். திறந்தவெளியில் எரிப்பதை 1998 முதல் நம் நாட்டுச் சட்டமும் தடுக்கிறது.

பால்மரம் இலை உதிர்க்கும் மாதங்களில் சருகை அள்ளிச் சேர்த்து வையுங்கள். மூன்று கூடை சருகுக்கு ஒரு கூடை பச்சைத்தழையும் காய்கறித் தோலும் என்று மாற்றி மாற்றி அடுக்குங்கள். கோழி எரு இருந்தால் இடையிடையே தூவுங்கள். மீன், இறைச்சி, சோறு வேண்டாம், எலி வரும். மூவார்க் கரையோரத் தாழ்நிலத்தில் குழி வெட்டினால் தண்ணீர் நிற்கும். ஆகவே தரைமேலேயே குவியுங்கள். மேலே ஒரு தகரம் போட்டு மூடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புரட்டிவிடுங்கள். குவியலின் உள்ளே சூடு ஏறினால் நுண்ணுயிர்கள் வேலை செய்கின்றன என்று பொருள். ஏறக்குறைய மூன்று மாதத்தில் கறுத்து, பொலபொலவென்று மண்வாசனை வரும். அதன் பிறகு பாத்தியில் போடுங்கள்.

காய்ந்த சருகையோ மரத்தூளையோ மக்காமல் மண்ணோடு கலக்காதீர்கள். நுண்ணுயிர்கள் அதைத் தின்பதற்காக மண்ணிலுள்ள நைட்ரஜனையும் எடுத்துக்கொள்ளும், செடி மஞ்சளாகிவிடும். மேலே பரப்பி மட்டும் வைத்தால் நல்ல போர்வை.

தண்ணீர் நிற்கும் மண்ணில் காற்று இல்லை. அங்கே கெட்ட முட்டை நாற்றம் வரும், சத்தும் வீணாகும். மேட்டுப்பாத்தி போட்டு ஓரத்தில் வாய்க்கால் வெட்டுங்கள். நம் மண் பெரும்பாலும் புளிப்பு மண். நடுவதற்குச் சில வாரம் முன்பே கொஞ்சம் சுண்ணாம்புக் கல் தூள் சேர்த்தால் நன்மை செய்யும் பாக்டீரியா பெருகும்.

கத்திரி போட்ட இடத்தில் அடுத்த முறை பயத்தங்காய் போடுங்கள். அது பூக்கும் சமயத்தில் ஒரு செடியை மெதுவாகத் தோண்டி எடுத்துப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். வேரின் பக்கத்தில் கடுகு போலவும் மிளகு போலவும் முடிச்சுகள் ஒட்டியிருக்கும். விரலால் உருட்டினால் உதிரும். நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். அப்படியிருந்தால் ரைசோபியம் உழைக்கிறது. மாறாக, வேரே வீங்கி உருண்டிருந்தால் அது நூற்புழுவின் வேலை. அந்தச் செடியை வேரோடு அகற்றிவிடுங்கள். பாத்திக்கோ குவியலுக்கோ போட வேண்டாம்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. மண்ணிலுள்ள எல்லா உயிரும் நமக்கு நண்பர் அல்ல. ஈரமண்ணில் எலிக்காய்ச்சல் கிருமியும் மீலியாய்டோசிஸ் கிருமியும் இருக்கக் கூடும். இனிப்புநீர் உள்ளவர்களுக்கு இந்த மீலியாய்டோசிஸ் உயிருக்கே ஆபத்தாகலாம். சப்பாத்து போட்டுக்கொள்ளுங்கள். புண்ணை மூடிக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் சவுக்காரம் போட்டுக் கழுவுங்கள். காய்ச்சல் கண்டால் தள்ளிப்போடாமல் மருத்துவமனைக்குச் சென்று, மண்ணில் வேலை செய்ததையும் டாக்டரிடம் மறவாமல் சொல்லுங்கள்.

அந்த அம்மாளிடம் நான் விடைபெறும்போது, "அப்படியானால் நாளைக்குக் கூட்டுகிற சருகை என்ன செய்ய?" என்று கேட்டார். "கூட்டுங்கள் அம்மா, ஆனால் நெருப்பு வைக்காதீர்கள். வேலிப் பக்கம் குவித்து வையுங்கள்" என்றேன். தோட்டத்து வீட்டில் இருந்தாலும், தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு வந்துவிட்டாலும், நேயர்களே, உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.