ஊரில் நிற்கும் பழைய பிக்கப்: விற்பதா, வெட்டுவதா, மீட்பதா?

(சங்கத்தின் காலாண்டுச் சந்திப்பில், 'பொழுதுபோக்கும் கைவேலையும்' பகுதியில் நம் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



காட்டுப்பாக்கத்தில் ஒரு நண்பரின் தனி வீடு. பின்பக்கம் தகரக் கொட்டகை. அங்கே ஞாயிறுதோறும் நாங்கள் மூன்று பேர் ஒரு பழைய ஸ்டாண்டர்டு 20 பிக்கப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறோம். விஷயம் தெரிந்ததிலிருந்து லிஃப்டில் என்னிடம் இரண்டு கேள்விகள் வருகின்றன. ஒன்று: "சார், ஊரில் அப்பாவின் அரிசி மண்டி வண்டி ஒன்று நிற்கிறது. காயலான் கடைக்காரர் விலை கேட்கிறார். என்ன செய்யலாம்?" இரண்டாவது: "அந்த வேலையை இங்கே ஸ்டில்ட் பார்க்கிங்கில் ஆரம்பித்துவிட மாட்டீர்களே?" இரண்டுக்கும் இன்று பதில் சொல்லிவிடுகிறேன்.

முதலில், இந்த வண்டிகள் ஏன் அரிதாகிவிட்டன என்று பார்ப்போம். கோவை அவிநாசி சாலையில் ஜி.டி. கார் அருங்காட்சியகத்துக்குப் போனவர்கள் இங்கே இருப்பீர்கள். பளபளப்பாக வரிசை வரிசையாகக் கார்கள். அப்படி ஒரு வரிசை பிக்கப்புகளை நீங்கள் எங்கேயும் பார்த்திருக்க மாட்டீர்கள். கார் போர்டிகோவில் நின்றது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனது. பிக்கப் மண்டியிலும் செங்கல் சூளையிலும் வேலை செய்தது. ஓடும்வரை ஓட்டினார்கள், ஓடாதபோது உடைத்தார்கள். அதனால்தான் இன்று ஒரு முழு வண்டி மிஞ்சியிருந்தால் அது அபூர்வம்.

இன்னொரு காரணமும் உண்டு. சுதந்திரத்துக்கு முன்பிருந்தே ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் இந்தியாவில் வண்டிகளைப் பூட்டி விற்றன. 1953-இல் வெளியான கட்டண ஆணையத்தின் அறிக்கையை ஒட்டி, உள்நாட்டில் படிப்படியாக உற்பத்தி செய்யத் திட்டமுள்ள நிறுவனங்கள் மட்டும் தொடரலாம் என்று அரசு முடிவெடுத்தது. அந்த இரண்டு கம்பெனிகளும் கிளம்பிவிட்டன. ஆகவே அமெரிக்கப் படங்களில் வரும் உருண்டை மூக்கு பிக்கப் நம் ஊரில் கிடைப்பது மிகவும் கடினம். நமக்குக் கிடைக்கக்கூடியவை வேறு. மகிந்திராவின் ஜீப் பிக்கப்புகள், எஞ்சினின் மேலேயே கேபின் உட்கார்ந்திருக்கும் எஃப்.சி. 150, பிறகு 1980-களின் இறுதியில் வந்த டாடா மொபைல்.

நம் பகுதிக்காரர்கள் பெருமைப்பட வேண்டிய வண்டி ஸ்டாண்டர்டு 20. இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு அட்லஸ் வேனை அடிப்படையாகக் கொண்டு, ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா கம்பெனி தயாரித்தது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு, கேசல் கார்கள் செய்த அதே கம்பெனிதான். தொழிற்சாலை எங்கே? வண்டலூர் - பெருங்களத்தூர் பக்கம். பூந்தமல்லி தாண்டி வெளிவட்டச் சாலையைப் பிடித்துத் தெற்கே போனால் முடிகிற இடம். 1988-இல் மூடிவிட்டார்கள். கம்பெனியே இல்லாததால் புது உதிரிபாகம் என்ற பேச்சே கிடையாது. ஒரு வண்டி காயலான் கடைக்குப் போனால், இன்னொரு வண்டிக்கு உயிர் கொடுக்கும் சாமானும் அதோடு போகிறது.

இப்போது பிள்ளைகளுக்கு ஒரு செய்தி. யூடியூபில் பழைய பிக்கப்பின் கூரையை வெட்டித் தாழ்த்துகிறார்கள், சேஸிஸை அறுக்கிறார்கள், பெரிய எஞ்சினைத் திணிக்கிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. இந்தியச் சாலையில் அது ஓட முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கும் ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கும் மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. நிறம் மாற்றலாம், சிறு பொருத்துதல்கள் செய்யலாம். அடிப்படை அமைப்பில் கை வைக்கக் கூடாது. நிறம் மாற்றினாலும் ஆர்.சி.யில் பதிய வேண்டும். எஞ்சின் மாற்றுவதென்றால் முன்கூட்டியே ஆர்.டி.ஓ. ஒப்புதல் வாங்க வேண்டும்.

சட்டத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. ஒரு பிக்கப்பின் மதிப்பே அது எப்படி வேலை செய்தது என்பதில் இருக்கிறது. பின் பலகையில் மூட்டை உரசிய தேய்மானம், கதவில் மங்கலாகத் தெரியும் கடைப் பெயர், இவற்றை அழித்துவிட்டு அலாய் வீல் போட்டால் மிஞ்சுவது வேறு வண்டி. இருந்ததை இருந்தபடி நிறுத்துவதற்குத்தான் ரெஸ்டோரேஷன் என்று பெயர்.

சரி, ஊரில் வண்டி இருக்கிறது. எங்கே தொடங்குவது? ஸ்பேனரை எடுக்காதீர்கள். பீரோவைத் திறந்து ஆர்.சி. புக்கைத் தேடுங்கள்.

வண்டி அப்பா பெயரில் இருந்து அவர் காலமாகிவிட்டால், முதலில் வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். அதற்குப் படிவம் 31. விதிப்படி, இறந்த 30 நாளுக்குள் தகவல் கொடுத்து, மூன்று மாதத்துக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். பல வீடுகளில் அந்தக் கெடு எப்போதோ தாண்டியிருக்கும். அதற்காகக் கைவிட வேண்டாம். வாரிசுச் சான்றிதழோடு போய், தாமதத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள். அடுத்து சேஸிஸ் எண். துருவுக்கு அடியில் மறைந்திருக்கும். அங்கே கிரைண்டரோ அரமோ வைக்காதீர்கள். டீசல் நனைத்த துணியால் பொறுமையாகத் துடைத்து, காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுங்கள். ஆர்.சி. எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் அதைத் தீர்க்கும்வரை ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம்.

50 ஆண்டுகளைத் தாண்டிய வண்டிகளுக்கு 2021 ஜூலையில் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. விண்டேஜ் பதிவு என்கிறார்கள். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். அப்பா வண்டியின் எம்.எஸ்., டி.எம். என்று தொடங்கும் எண் அப்படியே நிற்கும். புதிதாகப் பதிபவற்றுக்கு மட்டும் 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு எண் வரும். இந்தப் பதிவுள்ள வண்டியைக் கண்காட்சிக்கு, பழைய வண்டிகள் அணிவகுப்புக்கு, எரிபொருள் நிரப்ப, பழுதுபார்க்க எடுத்துப் போகலாம். தினமும் காய்கறி வாங்கப் போகக் கூடாது, வாடகைக்கு ஓட்டவும் கூடாது. சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்திருந்தால் இந்தப் பதிவே கிடைக்காது. நான் முன்பு சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிக்கப் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு சிக்கல் இதில் இருக்கிறது. விண்டேஜ் விதி சொந்தப் பயன்பாட்டு வாகனங்களுக்கானது. நம் பிக்கப்புகளில் பல, சரக்கு வாகனமாகப் பதிவானவை. சரக்கு வாகனத்துக்கு எட்டு ஆண்டுக்குப் பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும். ஆகவே உங்கள் ஆர்.சி.யில் என்ன வகை என்று போட்டிருக்கிறது, அதைச் சொந்த உபயோகத்துக்கு மாற்ற முடியுமா என்பதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு பிறகு வேலையைத் தொடங்குங்கள். பெயிண்ட் அடித்து முடித்த பிறகு கேட்டால், கொட்டகைக்குள் பார்க்க மட்டும்தான் அந்த வண்டி.

காகிதம் சரியாகிவிட்டது என்றால் வேலை வரிசை இதுதான்.

முதலில் புகைப்படம். ஒவ்வொரு போல்ட்டைக் கழற்றும் முன்பும் படம் எடுங்கள். கழற்றியதைச் சின்னக் கவரில் போட்டு எழுதி ஒட்டுங்கள். இன்று நினைவிருக்கும், ஆறு மாதம் கழித்து இருக்காது.

இரண்டாவது எஞ்சின். பல ஆண்டு நின்ற வண்டியில் பேட்டரி மாட்டி உடனே செல்ஃப் அடிக்காதீர்கள். பிஸ்டன் துருப்பிடித்து ஒட்டியிருக்கலாம். பெட்ரோல் எஞ்சினானால் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்து ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஊற்றி, சில நாள் விடுங்கள். பிறகு கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். டேங்கில் இருக்கும் பழைய பெட்ரோல் பிசின் மாதிரி ஆகியிருக்கும். முழுவதும் வடித்துச் சுத்தம் செய்த பிறகே புதியதை ஊற்ற வேண்டும். இன்னொன்று: அந்தக் காலத்து இங்கிலாந்து வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். இன்றைய பழக்கத்தில் மாற்றி மாட்டினால் டைனமோ, ரேடியோ பழுதாகும். பார்த்து உறுதி செய்துகொண்டு மாட்டுங்கள்.

மூன்றாவது பிரேக். பெயிண்டுக்கு முன் பிரேக் என்பதை எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். 1960-களின் வண்டிகளில் பெரும்பாலும் ஒரே பிரேக் லைன்தான். ஒரு சக்கரத்தில் கசிந்தால் நான்கிலும் பிரேக் போய்விடும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், உள்ளே துருவேறும். வீல் சிலிண்டர் ரப்பர், ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றுங்கள். பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். டிரம்மைத் திறந்ததும் கம்ப்ரஸர் வைத்து ஊதும் பழக்கம் நம் பட்டறைகளில் உண்டு. அந்தத் தூசி நுரையீரலுக்குப் போனால் திரும்பாது. ஈரத் துணியால் துடையுங்கள், மாஸ்க் போடுங்கள், அருகில் குழந்தைகளை விடாதீர்கள்.

அதன் பிறகு வயரிங், டயர், ஸ்பிரிங் பட்டை. கடைசியில்தான் டிங்கரிங், பெயிண்ட்.

சாமான் எங்கே கிடைக்கும்? பழையவற்றுக்குப் புதுப்பேட்டை, பொதுவான புதுச் சாமான்களுக்கு ஜி.பி. ரோடு. எங்கும் கிடைக்காத புஷ், பின், ஷாஃப்ட் எல்லாவற்றுக்கும் அம்பத்தூர் தொழிற்பேட்டை இருக்கிறது. மாதிரியைக் கொண்டுபோய்க் கொடுத்தால் லேத்தில் கடைந்து கொடுப்பார்கள். மேற்குச் சென்னைவாசிகளான நமக்கு இருக்கும் பெரிய வசதி அது. எஞ்சின் பிளாக் போன்றவற்றை மட்டும் பில் இல்லாமல் வாங்காதீர்கள். திருட்டு வண்டியின் எண் உங்கள் வண்டிக்குள் வந்து உட்கார்ந்துவிடும்.

இனி இரண்டாவது கேள்வி, நம் பார்க்கிங். இந்த வேலையில் ஈடுபட்டிருப்பவனாகவே சொல்கிறேன்: ஸ்டில்ட் பார்க்கிங்கில் இதைச் செய்யக் கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு பரவி, பள்ளத்தில் தேங்கும். பக்கத்தில் மின்சாரப் பலகை, மேலே நூறு குடும்பங்கள். ஒரு வெல்டிங் பொறி போதும். ஸ்பிரே பெயிண்டில் வரும் ஐசோசயனேட் ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆபத்து. சங்கத்துக்கு நான் முன்வைப்பது இவைதான்: பார்க்கிங்கில் வெல்டிங், கிரைண்டிங், ஸ்பிரே பெயிண்ட், எரிபொருள் வடிப்பது, கேனில் பெட்ரோல் வைப்பது, ஐந்தும் கூடாது. ஓடாத வண்டியை நிறுத்தி வைப்பவர் அதன் ஆர்.சி. நகலையும், எப்போது எடுப்பார் என்ற தேதியையும் சங்கத்தில் கொடுக்க வேண்டும். மழைக்காலத்துக்கு முன் டேங்கும் ஆயிலும் காலியாக இருக்க வேண்டும். 2015 டிசம்பரில் பார்க்கிங்குகளில் தண்ணீரோடு ஆயிலும் மிதந்ததை மறந்திருக்க மாட்டோம்.

வீட்டுக்குள் செய்ய எதுவுமே இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. மீட்டர்களைத் துடைப்பது, சுவிட்சுகளைச் சரிபார்ப்பது, சீட் உறை தைப்பது, பழைய வயரிங்கைப் பார்த்துப் படம் வரைவது. பால்கனியில் ஒரு மேசை போதும். பள்ளிப் பிள்ளைகளுக்கு மின்சுற்று என்றால் என்னவென்று இதைவிட நன்றாகச் சொல்லித்தர முடியாது.

எல்லா வண்டியையும் காப்பாற்ற முடியாது. சேஸிஸ் துளைத்துப் போயிருந்தால், காகிதம் எதுவும் இல்லாவிட்டால், விட்டுவிடுவதுதான் சரி. அப்போதும் தெருமுனைக் கடைக்கு வேண்டாம். பதிவு பெற்ற வாகன அழிப்பு மையத்தில் ஒப்படைத்து, ஒப்படைப்புச் சான்றிதழ் வாங்கி, பதிவை ரத்து செய்யுங்கள். இல்லையென்றால் அந்த எண்ணை வைத்து யார் என்ன செய்தாலும் கேள்வி உங்கள் வீட்டுக்கு வரும்.

ஊருக்கு அடுத்த முறை போகும்போது மூன்று படம் எடுத்து வாருங்கள்: ஆர்.சி. புக், சேஸிஸ் எண், வண்டியின் அடிப்பாகம். காயலான் கடைக்காரருக்கு ஒரு மாதம் தவணை சொல்லுங்கள். படங்களோடு எந்த ஞாயிறு வேண்டுமானாலும் காட்டுப்பாக்கம் கொட்டகைக்கு வரலாம். மீட்கலாமா, விடலாமா என்று சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம். டீ எங்கள் செலவு.